மாண்டலினுக்குப் போட்ட கிராஃப்

நான் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி, பார்டரும் முந்தானையும் எப்படி வர வேண்டும் என்று தறிக்காரருக்குக் காட்டுவது என் வேலை. ஆரணியில் இதைச் செய்கிறவர்கள் பலர் உண்டு. மாண்டலினுக்கு கிராஃப் போட்டவள் நான் ஒருத்திதான்.

அந்த மாண்டலின் அப்பாவுடையது. ஊரை விட்டுப் புறப்பட்ட ஒரு அமெரிக்க டாக்டரம்மாவிடம் வாங்கி, சர்ச்சில் வாசித்தார். அவருக்குப் பிறகு நான் வாசிக்கிறேன். அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் நூறு வருஷத்துக்கு முன் செய்தது. தடித்த மரத்தைச் செதுக்கிச் செதுக்கியே அதன் மேல்பலகைக்கு வளைவு கொடுத்திருக்கிறார்கள் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். மெல்லிய பலகையை அழுத்தி வளைத்துச் செய்த மலிவுச் சரக்கும் அந்தக் காலத்தில் உண்டாம்.

இப்படிச் செதுக்கிய மாண்டலின்களை வைத்திருப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. எது எந்த நாட்டில் இருக்கிறது, உள்ளே ஒட்டிய சீட்டில் என்ன எண், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று பட்டியல் போடுகிறார்கள். நானும் படங்களை அனுப்பினேன். என் மாண்டலினில் சீட்டைப் பூச்சி அரித்துவிட்டது. எண்ணில் பாதிதான் மிச்சம். அந்தக் குழுவில் எல்லோரும் மதிக்கும் ஒரு ரிப்பேர்காரர் எழுதினார்: 'படத்தைப் பார்த்தால் அழுத்தி வளைத்த பலகை போலத்தான் தெரிகிறது. எண்ணும் இல்லை. பட்டியலில் சேர்க்க முடியாது.'

அன்று மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் கணவர் செய்யாறில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு? எதுக்கு இப்டி உக்காந்துகினு இருக்கே?"

சொன்னேன்.

"செதுக்குன பலகைன்னா எல்லா எடத்துலயும் ஒரே கனமா இருக்குமா?"

"இருக்காதுங்க. நடுவுல தடியா இருக்கும், ஓரத்துல மெலிஞ்சி வரும்."

"அப்ப அளந்து காட்டு. சும்மா அழுதுகினு இருந்தா யாரு நம்புவாங்க?"

இரண்டு நாளில் ஒரு கருவியோடு வந்தார். பெரிய கொண்டி போல வளைந்த கம்பி. ஒரு கை மாண்டலினின் துளை வழியாக உள்ளே போகும்; மறு கை வெளியே நிற்கும். வெளிக்கையின் நுனியில் ஒரு திருகு. எத்தனை சுற்றில் அது மரத்தைத் தொடுகிறது என்று எண்ணினால் அந்த இடத்தின் கனம் தெரிந்துவிடும். மரத்தில் கீறல் விழாமல் இருக்க நுனியில் தோல் ஒட்டியிருந்தார்.

அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், ஆராதனை முடிந்து வந்ததும் உட்கார்ந்தோம். தந்திகளைத் தளர்த்திவிட்டு, விரல்கடை தூரத்துக்கு ஒன்றாக அவர் அளந்து சொல்லச் சொல்ல, நான் கிராஃப் தாளில் குறித்தேன். பிறகு நிறம் போட்டேன். கனமான இடத்துக்கு அரக்கு, நடுத்தரத்துக்கு மாம்பழ மஞ்சள், மெல்லிய இடத்துக்குக் கிளிப்பச்சை. கடைசிக் கட்டத்தை நிரப்பித் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. நடுவில் அரக்கு, அதைச் சுற்றி மஞ்சள், ஓரமெல்லாம் பச்சை. இடமும் வலமும் அச்சு மாறாமல் ஒன்றுபோல. அழுத்தி வளைத்த பலகையாக இருந்தால் தாள் முழுக்க ஒரே நிறம்தான் வந்திருக்கும்.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். மறுநாள் அந்த ரிப்பேர்காரரே பதில் எழுதினார். 'நான் சொன்னது தவறு. மன்னியுங்கள். இத்தனை வருஷமாக இவற்றைப் பழுது பார்க்கிறேன். ஒரு பலகையின் கனம் முழுவதையும் ஒரே பார்வையில் கண்டதில்லை. இந்த முறையை எங்கே கற்றீர்கள்?' பட்டுப்புடவைக்கு நாங்கள் இப்படித்தான் போடுவோம் என்று எழுதி, ஒரு முந்தானை கிராஃபையும் அனுப்பினேன். பட்டியலில் பாதி எண்ணோடு என் மாண்டலின் ஏறியது. ஊர் என்ற இடத்தில் ஆரணி. அதைக் கணவரிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

பிறகு கனடாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும், அவரவர் மாண்டலினை அளந்து போட்ட கிராஃப்கள் குழுவுக்கு வரத் தொடங்கின. எல்லாம் அரக்கு, மஞ்சள், பச்சை. நான் போட்ட அதே வரிசை.

போன மாதம், நாங்கள் அளப்பதைக் கேள்விப்பட்டு, கண்ணமங்கலத்திலிருந்து ஒரு தையல்காரர் போர்வையில் சுற்றிய மாண்டலினோடு பஸ் பிடித்து வந்தார். அளந்தோம். எங்கே வைத்தாலும் அதே சுற்றில் திருகு நின்றது. நிறம் போட்டு முடித்த தாளை அவரிடம் நீட்டினேன்.

"இது செதுக்குனது இல்லைங்க. அழுத்தி வளைச்சது."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முழுக்க மாம்பழ மஞ்சள்.

"பரவால்லைங்க. நல்லாத்தான் பாடிகினு இருக்குது. இன்னாவா இருக்குதோ அதையே எழுதுங்க."

அவர் மாண்டலினுக்காக, அழுத்தி வளைத்தவற்றுக்கென்றே குழுவில் தனியாக ஒரு பட்டியல் தொடங்கச் சொல்லிக் கேட்டேன். தொடங்கினார்கள். அதன் முதல் வரி கண்ணமங்கலம்.