வாராவாரம் மன்னித்த அக்கா

முதலில் என் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பாதிப்பேர் அதை நேரில் பார்த்தவர்கள்தாம். அக்காவை அடக்கம் செய்தபின் அவருக்காக வைத்த முதல் பூசை அது. பூசையின் நடுவே, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. பக்கத்தில் நின்ற சவரிமுத்து அண்ணன், எங்கள் சித்தப்பா மகன், என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். நான் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். செருப்போ கோயில் வாசலில் கிடந்தது. வெறுங்காலைத் தடவிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோது பாடகர் குழு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. பின்னாலிருந்து யாரோ, "பாவம், காலு சுளுக்கிருச்சு போல" என்றார்கள்.

அக்கா திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், காவிரிக்கரைக் கிராமத்தில் பிறந்தார். அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். அம்மா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாற்றுப் பறிக்கப் போனார். எனக்குச் சோறு ஊட்டியது, தலைவாரியது, பொய் சொன்னால் முட்டிபோட வைத்தது எல்லாம் அவர்தான். பிறகு திருவாரூர் பக்கம் வாழ்க்கைப்பட்டார். மாமா நோயில் இறந்ததும், பிள்ளை இல்லாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று மாமியார் அனுப்பிவைத்தார். அந்த மாமியாருக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதிரசம் சுட்டு, பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். "வாங்கிக்கிட்டாங்களா?" என்று கேட்டால், "வெல்லம் கம்மின்னாங்கடா" என்று சிரிப்பார்.

திரும்பி வந்த அக்காவும் கல்யாணம் ஆகாத நானும் ஒரே வீட்டில் இருந்தோம். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் நான் ஜோக் அடித்தேன். சிரித்தார்களே தவிர யாரும் பெண் கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டேன். அக்கா குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் செய்தார். அப்பா கூலிக்கு இறங்கிய அதே வயல் அது. முதல் நடவு அன்று வரப்பில் முழங்காலிட்டு ஜெபித்தார்.

அந்த வயலை அவர் இழந்த கதை எங்கள் தெருவுக்கே தெரியும். தை மாதம், சம்பா முற்றி நின்றது. மழை வரப்போகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் அறுவடை மெஷினுக்கு அலைந்த நேரத்தில், அக்கா ஏஜெண்டிடம் நாலு நாள் நடையாய் நடந்து ஒரு மெஷின் பேசி வைத்திருந்தார். அது ஊருக்குள் வரும்போது வாய்க்கால் திருப்பத்தில் சவரிமுத்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "முதல்ல என் வயலை அறுக்கச் சொல்லி அக்கா சொல்லிட்டாங்க" என்று டிரைவரிடம் சொல்லித் தன் வயலில் இறக்கிக்கொண்டார். சாயங்காலம் மழை பிடித்தது. அக்காவின் நெல் அப்படியே சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. குத்தகைப் பணம் கட்ட வழியில்லாமல், அடுத்த போகத்துக்கு அந்த நிலத்தை எடுக்க முடியவில்லை.

நான் அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினேன். அவரைப் பற்றி நான் அடித்த ஜோக்குகளைப் பஸ் ஸ்டாண்டே ரசித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா வேறொன்று செய்தார். எங்கள் கோயிலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் வழி. எப்போதும் தூண் பக்கத்தில் உட்காரும் அக்கா, அடுத்த ஞாயிறு வழியோரமாக, சவரிமுத்து அண்ணனுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். சமாதானம் சொல்லும் நேரத்தில் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அண்ணன் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். அண்ணன் இடம் மாறினால் அக்காவும் மாறுவார்.

"உனக்கு மானம் இல்லையாக்கா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"கத்தாதடா. அந்த நெல்லு முளைச்ச வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகல. சனிக்கிழமை வந்தா அவன்மேல கோவம் கோவமா வருது. ஞாயித்துக்கிழமை போயி மன்னிக்கிறேன். மறுபடி வருது. ஒரு தடவையில தீர்ந்துரும்னா எதுக்குடா நம்மள தினம் 'நாங்கள் மன்னிப்பது போல'ன்னு பரலோக மந்திரம் சொல்லச் சொல்றாங்க?"

அடுத்த ஈஸ்டர் தாண்டி ஒரு ஞாயிறு, அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, கொசு அடிப்பவர் போல இரண்டு கையையும் ஒரு நொடி சேர்த்துப் பிரித்தார். அக்கா அன்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தார். நான் கோபத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது, கேட்காமலே காரை எடுத்துவந்து வாசலில் நிறுத்தியவர் அந்த அண்ணன்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் அவரே ஓட்டினார். நான் பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி வருவேன். "தம்பி சாப்பிட்டானான்னு கேளுக்கா" என்பார் அவர். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுக்கா" என்பேன் நான். வலியோடு நடுவில் இருந்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார் அக்கா. கடைசி வாரம் சலித்துப்போய், "எனக்கு மூச்சு வாங்குதுடா. இனிமே நீங்களே பேசிக்கங்க" என்றார். அதற்குப் பிறகு தஞ்சாவூர் வரைக்கும் காரில் ஒரு பேச்சும் இல்லை.

இறப்பதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அவன்கிட்ட பேசிருடா. அவனுக்காகச் சொல்லல. நான் போயிட்டா உனக்கு யாரு இருக்கா?" நான் தலையாட்டினேன். அதன்பிறகு செய்ததைத்தான் முதல் பத்தியில் படித்தீர்கள்.

வீடு எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பெரிதாக இருக்கிறது. இரண்டு அறை வீடு இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. இப்போது நான் ஜோக் அடித்தால் டேபிள் ஃபேன்தான் தலையாட்டுகிறது, அதுவும் இல்லை இல்லை என்று. கடையைப் பூட்டியபிறகும் ஷட்டருக்கு வெளியே நின்று, போகிற வருகிறவர்களிடம் பஸ் போய்விட்டதா என்று கேட்கிறேன். நான் போகவேண்டிய பஸ் எதுவும் இல்லை.

அக்காவை ஜெபத்தோடு வழியனுப்பிய பங்குச் சாமியாருக்கும், கடைசிவரை வந்து ஜெபம் சொன்ன உபதேசியாருக்கும், அக்காவுக்கு முகம் சுளிக்காமல் ஊசி போட்ட நர்ஸம்மாக்களுக்கும், அடக்கத்தன்று ஊருக்கே காபி போட்ட தெருப் பெண்களுக்கும் என் நன்றி. கார் ஓட்டிய சவரிமுத்து அண்ணனுக்கும் நன்றி.

அந்தக் கடைசி வரியைப் போட அவரைக் கேட்கவேண்டியிருந்தது. மெஷின் கதையையும் எழுதியிருந்தேனே. பிரஸ்ஸில் கொடுப்பதற்கு முன் பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, ஒண்ணு படிக்கணும்" என்றேன். இத்தனை வருடத்தில் நேராக அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு. அண்ணி நாற்காலி போட்டார். படித்தேன். வாய்க்கால் திருப்பம் வந்ததும் அண்ணி, "இதெல்லாம் புஸ்தகத்துல போடணுமா?" என்றார். அண்ணன், "போடட்டும். நடந்ததுதானே" என்றார்.

படித்து முடித்துப் பேப்பரை மடித்துக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே, "உங்களை மன்னிச்சிட்டேண்ணே" என்றேன்.

அவர் சொன்னார்: "அக்கா மன்னிச்சப்ப எனக்குத் தூக்கம் போச்சு. நீ மன்னிக்காம இருந்ததுல எனக்கு ஒண்ணும் ஆகலடா. பேச ஆள் இல்லாமப் போனது உனக்குத்தான்."