நிறுத்தாம வாசி

சித்தி ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய நாட்களில்தான் என் வலது மணிக்கட்டு இளகியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. திருவான்மியூரில், கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. அடையாறில் ஒரு சாரிடம் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தேன். அவருடைய மாணவர்கள் மேடையேறும் நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கொடுத்திருந்த பாட்டின் நடுவில் ஒரு ஸ்கேல், அதாவது ஒரு ஸ்வர வரிசை, மளமளவென்று ஏறி இறங்க வேண்டும். கம்பியை பிக் என்கிற சின்னத் தகட்டால் ஒருமுறை கீழ்நோக்கி மீட்டினால் அடுத்த முறை மேல்நோக்கி மீட்ட வேண்டும். கீழே, மேலே, கீழே, மேலே, வரிசை தப்பவே கூடாது. மெதுவாக வாசித்தால் வரும். வேகத்தைக் கூட்டினால் தோள் வரை இறுகிப்போய், பிக் கம்பியில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பகுதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாக சார் சொல்லிவிட்டார்.

சித்தி அம்மாவின் தங்கை. தி.நகரில் சித்தப்பா வீட்டில் சண்டை, கொஞ்ச நாள் இங்கே இருப்பாள் என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். என் அறையில்தான் படுத்துக்கொண்டாள். காலையில் பெருங்குடி ஆபீசுக்குப் போவாள். சாயங்காலம் திரும்பியதும் முகம் கழுவிக்கொண்டு, அறையை ஒட்டிய பால்கனியில் போனும் கையுமாக நிற்பாள்.

அந்தச் சாயங்காலங்கள் எல்லாம் ஒரே சாயங்காலமாகத்தான் நினைவில் தங்கியிருக்கின்றன. கொடியில் காயும் போர்வைகளை உப்புக்காற்று ஊதிப் பெருக்கும். அவற்றுக்குப் பின்னால் சித்தியின் நிழல் பெரிதாகும், சிறிதாகும். நான் கட்டிலில் உட்கார்ந்து, கிட்டாரைச் சின்ன ஸ்பீக்கரில் செருகிக்கொண்டு அந்த ஸ்கேலோடு மல்லுக்கட்டுவேன். பாய்ந்து வாசிப்பேன், கை வலிக்கும், நிறுத்தி உதறுவேன்.

ஒருநாள் அப்படி நிறுத்தியதும் சித்தி போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தாள். போனை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டாள். கை வலிக்கிறது என்றேன்.

“வேகமா வாசிச்சா சீக்கிரம் நிறுத்திடற. மெதுவாவே வாசி. ஆனா நிறுத்தாம வாசி, நான் உள்ள வர்ற வரைக்கும்.”

மெதுவாக வாசி என்று சாரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அது கை வராதவர்களுக்குச் சொல்லும் ஆறுதல் என்று நினைத்திருந்தேன். சித்தி சொன்னதோ வேறு மாதிரி இருந்தது. என் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து அவள் உள்ளே வரும்வரை வாசித்தேன். மெதுவாக வாசிப்பதில் கைக்கு வேலையே இல்லை. கண் போர்வைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும், காது எங்கோ போய்விடும். பிக்கின் நுனி மட்டும் கம்பியைத் தொட்டால் போதும் என்பது அந்த அரைமயக்கத்தில் கைக்குத் தானாகத் தெரிந்தது. மேல்நோக்கி மீட்டும் ஒலியும் கீழ்நோக்கி மீட்டும் ஒலியும் ஒன்றுபோலாயின. அலுத்துப்போகும்போது அப்பாவின் பழைய போனில் டிக் டிக்கென்று ஓடும் தாளத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பேன். கை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அம்மாதான் அடிக்கடி அறை வாசலில் வந்து நிற்பாள். துணி மடிப்பதுபோல் நின்றுகொண்டு, சத்தத்தைக் குறை, ஒன்றும் காதில் விழவில்லை என்பாள். நான் பால்கனியைப் பார்ப்பேன். சித்தி வேண்டாம் என்று தலையாட்டுவாள். நான் சித்தி பக்கம். சாப்பிடும்போது அம்மா, கொஞ்சம் அனுசரித்துத்தான் போக வேண்டும் என்று பொதுவாகச் சொல்வாள். அப்பா ஆமோதிப்பார். சித்தி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

நிகழ்ச்சியன்று அந்த இடம் வந்ததே எனக்குத் தெரியவில்லை. மணிக்கட்டு இலேசாக அசைந்தது, அவ்வளவுதான். ஸ்கேல் ஏறி இறங்கி முடிந்திருந்தது. ஓரத்தில் நின்ற சார் சிரித்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் சித்தி எழுந்து நின்று கைதட்டினாள்.

வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதே சித்தியின் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் நான் அறைக்கு ஓடி, கிட்டாரை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். சித்தி வந்து கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“போதும்மா. இனிமே வேணாம்.”

அவள் பால்கனிக்குப் போகவில்லை. ஹாலுக்கு நடந்தாள். அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, குரலை உயர்த்தாமல் போனில் சித்தப்பாவிடம் சொன்னாள்: “நான் திரும்பி வரமாட்டேன். இவங்க எல்லாரையும் முன்னாடி வச்சிக்கிட்டுத்தான் சொல்றேன்.”

அம்மா அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார்.

தான் பேசுவது ஹாலுக்குக் கேட்காமலிருக்கத்தான் சித்திக்கு அத்தனை நாளும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது என்பதோ, இனி அவளுக்கு அது தேவையில்லை என்பதோ எனக்கு எட்டவில்லை. அவள் படுக்க வந்து என் தலையைக் கோதியபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இவ்வளவு நன்றாக வாசித்த நாளில் போதும் என்று சொல்லிவிட்டாளே, எந்த இடத்தில் பிசகினேன் என்று போர்வைக்குள் விரல்களை அசைத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.