வெர்லின் வாங்கிய பூட்டு

பதினான்கு பேர். லிண்டன் ஓடைக்கரையில், மனசு உடைந்த காலத்தில் துப்பாக்கியைப் பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுத்துவிட்டு இன்றும் உயிரோடு நடமாடுகிறவர்கள் அத்தனை பேர். மனதில் வையுங்கள். எந்த அரசாங்கமும் இவர்களைக் கணக்கெடுத்ததில்லை.

மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. வேலை போய்விட்டது, அல்லது மனைவி போய்விட்டாள், ஒருத்தன் பேச்சை நிறுத்திவிட்டான் என்று வையுங்கள். கூட்டாளி ஒருத்தன் வாசலில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நாளைக்கு உன் துப்பாக்கி வேண்டும் என்பான். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். முகம் தெளிந்ததும் துடைத்து எண்ணெய் போட்ட துப்பாக்கி வீடு திரும்பும்.

வெர்லின் ஸ்டாம்பர் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அவள் தம்பி அப்பாவின் கட்டிலுக்கடியில் இருந்த கைத்துப்பாக்கியை எடுத்து விளையாடினான். அவனைப் புதைத்த நாளிலிருந்து பூட்டாத துப்பாக்கி இருக்கும் அறையில் அவள் தூங்கியதில்லை. ஹோபர்ட்டைக் கட்டிக்கொண்டபோதும் அதைத்தான் முதலில் கேட்டாள். அவன் துப்பாக்கி அலமாரியைச் சாவி போட்டுப் பூட்டினான். சாவியைக் கதவிலேயே விட்டான்.

பேரப்பிள்ளைகள் பிறந்ததும் விரல் ரேகைக்குத் திறக்கும் இரும்பு அலமாரி ஒன்றை வாங்கினாள். யார் திறந்தாலும் அவள் கைபேசிக்குச் செய்தி வரும்.

சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க இதே பேச்சுதான். ஹோபர்ட்டோடு இருபது வருடம் சுரங்கத்தில் இறங்கிய ஆர்வில், பேட்டரி தீர்ந்துபோனால் என்ன செய்வாய் என்று கேட்டான். கை ஈரமாக இருந்தால்? யார் எப்போது திறந்தார்கள் என்பதெல்லாம் பூட்டுக் கம்பெனிக்காரனுக்கு எதற்கு?

"கரடி வந்து நிக்குது. பேட்டரி மாத்திட்டு வரேன், கொஞ்சம் இருன்னு அதுகிட்ட சொல்லுவியா?" என்றான்.

"உன் கரடி வந்து இருபது வருஷமாச்சு. என் பேரப்புள்ளைங்க ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வருது" என்றாள் வெர்லின்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவள் பக்கம் பேசினேன். போதை மாத்திரைக் கிறுக்குப் பிடித்தவர்கள் வீடு புகுந்து துப்பாக்கி திருடும் ஊரில் இதைவிட நல்ல பூட்டு கிடையாது என்றேன். இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன்.

சிக்கல் ஹோபர்ட்டின் விரலில் இருந்தது. சுரங்கக் கூரை இடிந்து விழாமல் அதில் இரும்புத் தண்டு முடுக்குவது அவன் வேலை. அந்த வேலை விரல் நுனியைக் கூழாங்கல் மாதிரி தேய்த்துவிடும். பூட்டு அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. தன் வீட்டிலேயே தன்னைத் திருடன் என்கிறது என்று கத்தினான். வெர்லின் விடவில்லை. சாப்பாடு முடிந்ததும் அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலுக்கும் களிம்பு தேய்த்தாள். இரண்டு மாதத்தில் வலது மோதிர விரலில் கொஞ்சம் ரேகை தெரிந்தது. பூட்டில் பச்சை விளக்கு எரிந்த அன்று ஆப்பிள் பணியாரம் சுட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் சுரங்கத்தை மூடினார்கள். நிலக்கரித் தூசியில் நுரையீரல் கருத்துப்போனவனுக்கு வேறு எங்கே வேலை? ஹோபர்ட் சங்கத்துக்கு வருவதை நிறுத்தினான். பிறகு சவரம் செய்வதை நிறுத்தினான். கடைசியில் பேச்சையும் நிறுத்தினான்.

ஆர்வில் முறைப்படி வண்டியை நிறுத்தினான். மான் வேட்டை தொடங்கப்போகிறது, ஹோபர்ட்டின் துப்பாக்கிகளைக் கொஞ்ச நாள் கொடு என்றான்.

"உங்கிட்டயே ஆறு இருக்கு ஆர்வில். சுடத்தான் கண்ணு இல்ல" என்றாள் வெர்லின்.

"வெளையாடாத. நான் எதுக்குக் கேக்கறேன்னு உனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். பழக்கம் தெரியாதவள் இல்லை. ஆனால் துப்பாக்கிகளையும் எடுத்துப் போய்விட்டால் ஹோபர்ட்டிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்தாள். கூடவே, பூட்டை நம்பினாள்.

"இப்ப அதெல்லாம் வேணாம். அது சும்மா தெறந்து கெடக்கிற அலமாரி இல்ல, பூட்டியிருக்கு. தெறந்தா எனக்குத் தகவல் வந்துரும்."

ஆர்வில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான். அவளோடு வாதாட அவனுக்கு வராது. வெறுங்கையோடு வண்டியைத் திருப்பினான்.

கள்ளனையும் குழந்தையையும் வெளியே நிறுத்தத்தான் அந்தப் பூட்டைச் செய்திருந்தார்கள். சொந்தக்காரனுக்குத் திறக்க வேண்டும். அதுதான் அதன் வேலை.

செவ்வாய்க்கிழமை மதியம் வெர்லின் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியல் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஏப்ரன் பையில் கைபேசி அதிர்ந்தது. ஹோபர்ட் திறந்தார் என்று செய்தி. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். மலைப்பாதையில் வீடு இருபது நிமிடம். வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனாள். அவன் எடுக்கவில்லை. ஆர்விலைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

ஆர்விலால் ஓட முடியாது, ஆனாலும் அவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். வெர்லினை வாசலைத் தாண்ட விடாமல் பிடித்துக்கொண்டான். செய்ய வேறொன்றும் மிச்சமில்லை.

அடக்கம் முடிந்த வாரம், பூட்டிலிருந்து அவன் விரல் ரேகையை அழிப்பது எப்படி என்று கேட்கக் கம்பெனிக்குப் போன் போட்டாள். நான் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பூட்டில் ஏதாவது பழுதா என்றும் விசாரித்தாள்.

"இல்லம்மா. சொன்னபடிதான் வேல செஞ்சுது" என்றாள் வெர்லின்.

அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்தாள். பிறகு எந்திரக் குரல் வந்தது. எங்கள் தயாரிப்பு உங்களுக்கு எவ்வளவு திருப்தி, ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணை அழுத்துங்கள் என்றது. வைத்துவிடு என்று சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாழ்நாளில் யாரைப் பற்றியும் பொய் சொன்னவள் இல்லை, பூட்டைப் பற்றியும் சொல்லவில்லை.

ஐந்து.