தலைமாட்டு மோடம்

எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கும் அம்மையாருக்கு அவருடைய அலுவலகத்தார் சூட்டிய பெயர் 'பொறுமை'. இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம் ஒன்றின் உதவி மையத்தில் அவர் பணியாற்றுகிறார். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நாள் முழுவதும் பிறர் வீட்டு மோடங்களுக்கு வைத்தியம் சொல்வதே அவருடைய தொழில். எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் அம்மையாரின் குரல் ஓர் இம்மியும் உயராது. அப்பொறுமையின் இரகசியம் 'மியூட்' பொத்தான் என்பது பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டுமே தெரியும். அதை அழுத்திவிட்டு அம்மையார் உதிர்க்கும் விமரிசனங்களைக் கேட்டிருந்தால், பெயர் சூட்டியவர்கள் அதைத் திரும்பப் பெற்றிருப்பார்கள்.

எவர் அழைத்தாலும் உதவி மையத்தார் முதலில் கேட்டாகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மோடத்தை ஒருமுறை அணைத்துவிட்டு மீண்டும் போட்டீர்களா என்பதே அது. ஏறத்தாழ எல்லாரும் போட்டேன் என்றே சொல்வார்கள். சொல்பவர்களில் பாதிப்பேர் இருந்த இடத்தைவிட்டு எழவே இல்லை என்பதைப் பொறுமையம்மாள் கண்டுபிடித்துவிடுவார். நாற்காலி நகரும் ஓசையோ, நடக்கும்போது மூச்சில் ஏற்படும் மாறுதலோ கேட்காது. ஆனால் அவர்களை அவர் குறைசொன்னதில்லை. அக்கேள்வியே வாடிக்கையாளரின் விவரங்கள் கணினித் திரையில் திறக்கும்வரை நேரத்தைக் கடத்த ஏற்பட்ட ஒரு சடங்கு என்பது அவருடைய கருத்து.

இவ்வளவு வைத்தியம் சொன்ன அவர், தம் கையால் ஒரு மோடத்தையும் தொட்டதில்லை. வீட்டில் அதற்கு அவசியம் நேரவில்லை. அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக்; ஸ்குரூ டிரைவர் இல்லாமல் கோயில் குளத்துக்குக்கூடப் புறப்படாதவர் என்று அவருடைய அக்காள் சொல்வார். முன்னறைச் சுவரில் மோடத்தை அடித்து மாட்டியவரும், அதிலிருந்து பின்னறைக் கணினிவரை சுவரோரமாகக் கம்பியை இழுத்துக் கிளிப் வைத்தவரும் அவரே. மின்தடையின்போதும் இணைப்பு அறுந்துவிடக்கூடாது என்று மோடத்தின் பக்கத்தில் ஒரு சிறிய பேட்டரியையும் பொருத்தியிருந்தார். அந்நாளிலிருந்து அந்த மோடம் அணைந்ததே இல்லை. "நீ வாயால ரிப்பேர் பண்றவ, நான் கையால பண்றவன்" என்று மனைவியைச் சீண்டுவது அவருக்கு வழக்கம்.

சென்ற ஆண்டு அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சு திரும்பிவிட்டது, சொற்கள் சற்றுக் குழைந்து வந்தபோதிலும். முன்னறை அவருடைய அறையாயிற்று. கனமான இரும்புக் கட்டில் ஒன்று அங்கே வந்தது. காற்றோட்டம் பார்த்து அதைச் சுவரோடு ஒட்டிப்போட்டதில், மோடமும் பேட்டரியும் தலைமாட்டின் பின்புறம் மறைந்துபோயின. பகற்பொழுதில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்காள் வந்து தங்கினார். பொறுமையம்மாள் வழக்கம்போல் அலுவலகம் சென்றுவந்தார்.

அந்த ஏற்பாடு ஒரு திங்கட்கிழமையோடு முடிவதாக இருந்தது. அக்காளின் மருமகளுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. அவர் போயே ஆகவேண்டும். பொறுமையம்மாள் மேலாளரிடம் மன்றாடி, வீட்டிலிருந்தே பணிசெய்யும் இடம் ஒன்றைப் பெற்றிருந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அலுவலகக் கணினியை மோடத்தில் நேராகச் செருகக்கூடாது. சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கி, அதன் வழியாகவே இணைக்கவேண்டும். ஞாயிறு மாலை அலுவலகத்திலிருந்து அந்த இணைப்பைச் சோதிப்பார்கள். சோதனையில் தேறாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவ்வாறு போனால் பொறுமையம்மாள் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அவருடைய சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்துகொண்டிருந்தது.

ஞாயிறு பிற்பகலில் அவர் வேலையைத் தொடங்கினார். மோடத்தில் ஒரே ஒரு துளைதான். அதிலிருந்து பின்னறைக்கு வரும் கம்பியைப் பழைய கணினியிலிருந்து பிடுங்கி, ரூட்டரில் தனியாக நிறமிட்டிருந்த துளையில் செருகினார். ரூட்டரிலிருந்து அலுவலகக் கணினிக்கு மற்றொரு கம்பி. வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமான முறை. ஒரு பிழையும் இல்லை. ரூட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. இணையத்துக்குரிய விளக்கு மட்டும் செம்மஞ்சளாகவே நின்றது.

கம்பியைக் கழற்றி ஊதிச் செருகினார். ரூட்டருக்கும் அலுவலகக் கணினிக்கும் இடையே வேறு கம்பியை மாற்றிப் பார்த்தார். பழைய கணினியிலேயே மீண்டும் செருகியபோது இணையம் உடனே வந்தது. ரூட்டரில் செருகினால் வரவில்லை. மோடத்தின்மீதும் குற்றமில்லை, ரூட்டரின்மீதும் குற்றமில்லை. இரண்டும் நேருக்குநேர் வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்த நாத்தனார், "ஏம்மா, ரெண்டுக்கும் சொத்துத் தகராறு எதுவும் இருக்கா?" என்று கேட்டார். பொறுமையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனைக்கு அதிக நேரம் இல்லை.

வேறு வழியின்றித் தம் சொந்த அலுவலகத்தின் உதவி எண்ணுக்கே அழைத்தார். எடுத்தவர் அவருடைய பக்கத்து இருக்கைக்காரர். ஓயாமல் பேசுவதால் 'ரேடியோ' என்று பெயர் பெற்றவர். குரலைக் கேட்ட மாத்திரத்தில் இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். ஆயினும் அழைப்புகள் அனைத்தும் பதிவாகும்; பணியாளர் தமக்குத் தெரிந்தவருக்குச் சலுகை காட்டினார் என்று வரக்கூடாது. ஆகவே முன்பின் அறியாத இருவரைப் போலவே பேசிக்கொண்டார்கள்.

"மோடத்தை ஒரு தடவ அணைச்சுட்டுப் போட்டீங்களா மேடம்?"

"போட்டேன்."

"எல்லா விளக்கும் அணைஞ்சுதா?"

"அணைஞ்சுது."

"திரும்பப் போட்டப்ப எது முதல்ல வந்துது?"

பவர் விளக்கு முதலில் வந்தது, அடுத்து இரண்டு விளக்குகள் மாறிமாறிச் சிமிட்டின, கடைசி விளக்கு நின்று எரிகிறது என்று பொறுமையம்மாள் தடங்கலின்றி ஒப்பித்தார். ஒரு பொய்யை அதைவிடத் துல்லியமாக எவராலும் சொல்லியிருக்க முடியாது. சரியான விடை எது என்பதை அறிந்தவரல்லவா அவர்! ரேடியோவுக்குச் சந்தேகப்பட இடமே இல்லாமற்போயிற்று. எழுதிவைத்திருந்த குறிப்பில் அதற்குமேல் ஒரு வழிதான் இருந்தது. வாடிக்கையாளரின் சொந்த ரூட்டருக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்ற வாக்கியத்தை, வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்த குரலில் அவர் படித்தார். பொறுமையம்மாள் எத்தனையோ பேருக்குப் படித்துக்காட்டிய வாக்கியம் அது. நன்றி கூறி வைத்துவிட்டார்.

முன்னறையிலிருந்து கணவர் கூப்பிட்டார். உரக்கக் கூப்பிடவில்லை, ஆனால் நாத்தனாரும் உடன்வந்து எட்டிப்பார்க்கும்படியான ஒரு குரல்.

"பிளக்கு என் தலைமாட்டுல இருக்கு. நீ இந்தப் பக்கம் வரவே இல்லையே."

பொறுமையம்மாள் ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்த முதற்கேள்வி வெறும் ஒப்புக்குக் கேட்பது, அதனால் எதுவும் ஆகப்போவதில்லை என்பதுபோல. கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி சொல்லி முடித்தபின், அதுதான் காரணமா என்று மட்டும் வினவினார்.

அது காரணமன்று. பிளக்கைத் தொடவேண்டுமானால் கட்டிலை நகர்த்தவேண்டும். கட்டிலை நகர்த்தவேண்டுமானால் அவரை எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்கவேண்டும். நாள்தோறும் காலையில் ஒருமுறை பெண்கள் இருவருமாக அவருடைய இரு தோள்களையும் பற்றித் தூக்கி அதைச் செய்துவந்தார்கள். அப்போது அவர் பற்களைக் கடித்துக்கொள்வதைப் பொறுமையம்மாள் பார்த்திருக்கிறார். ஒரு மோடத்துக்காக அந்த வலியை இரண்டாம் முறை கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பொய் சொல்வது எளிதாக இருந்தது.

"எனக்கு வலிக்கும்னு நீயே முடிவு பண்ணிட்டே" என்றார் கணவர். "இப்பல்லாம் என்னைச் சுத்திக்கிட்டுத்தான் எல்லாரும் நடக்கறீங்க. நடுவீட்டுல தூண் நிக்கிற மாதிரி."

நாத்தனார் கண்களைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் தோளைப் பிடிக்க முன்வந்தார். தம்பி அவரைத் தடுத்தார். "நீ நாளைக்கு இருக்க மாட்டே அக்கா. தள்ளி நில்லு. அவ பழகட்டும்."

என்னால் தனியாக முடியாது, நீங்கள் விழுந்துவிட்டால் என்ன செய்வேன் என்று பொறுமையம்மாள் மறுத்தார். கணவரோ ஏற்கெனவே மனத்துக்குள் அளவெடுத்து முடித்திருந்தார். படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். நாற்காலியை இடப்பக்கம், கட்டிலுக்குச் சாய்வாக ஒட்டிப்போடச் சொன்னார். கட்டிலின் விளிம்புக்குத் தம்மை நகர்த்தி, பாதங்கள் இரண்டையும் தரையில் ஊன்றவைக்கச் சொன்னார். வலப்பக்க முழங்கால் மடங்கிவிடாதபடி மனைவி தம் முழங்காலால் அணைகொடுக்கவேண்டும். தோளைத் தொடவே கூடாது. இடுப்பில் ஒரு பட்டையை இறுகக் கட்டி, அதைப் பிடித்தால் போதும்.

"தூக்காதே. லிஃப்ட்ட யாரும் தூக்கறதில்ல. அந்தப் பக்கம் ஒரு பாரம் இறங்குது, இந்தப் பக்கம் பெட்டி ஏறுது. அவ்வளவுதான். நீ பின்னால சாய், நான் முன்னால வரேன்."

பொறுமையம்மாள் சாய்ந்தார். எடை மிகுந்த அந்த மனிதர், மூக்கு முழங்காலைத் தாண்டுமளவு முன்னே குனிந்து, இடக்கையைக் கட்டிலில் ஊன்றி எழுந்தார். ஒரு கணம் இருவரும் ஒருவர் எடையில் மற்றவர் நின்றார்கள். பின்னர் அரைவட்டமாகத் திரும்பி அவர் நாற்காலியில் அமர்ந்தார். சற்றுத் தடாலென்றுதான் அமர்ந்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை.

கட்டிலைப் பெண்கள் இருவரும் இழுத்தார்கள். தரையில் அது எழுப்பிய ஓசைக்குக் கீழ்த்தளத்திலிருந்து நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். சந்து கிடைத்ததும் நாற்காலியை அதனருகே நகர்த்தினார்கள். கணவர் இடக்கையை நீட்டி, முதலில் பேட்டரியின் இணைப்பையும் பின்னர் பிளக்கையும் தாமே பிடுங்கினார். பல ஆண்டுகள் எரிந்த விளக்குகள் ஒன்றாக அணைந்தன.

உடனே போடக்கூடாது, சற்றுப் பொறுக்கவேண்டும். தொலைபேசியில் அந்த இடைவெளியை நிரப்பப் பொறுமையம்மாளிடம் ஆயத்தமான வாக்கியங்கள் பல உண்டு. இங்கே அந்த இடைவெளியைக் கணவர் நிரப்பினார். மோடம் இத்தனை காலமும் பழைய கணினி ஒன்றையே தன் ஆளாக நினைவில் வைத்திருந்தது. அந்நினைவு போனாலொழியப் புதிதாக வந்த ரூட்டரை அது அண்டவிடாது. அதனால்தான் அந்த முதற்கேள்வி ஏற்பட்டது என்று கணவர் அப்போது விளக்கினார். பொறுமையம்மாள் தரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டார்.

கணவர் பிளக்கைத் திரும்பச் செருகினார். விளக்குகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. வாடிக்கையாளர்களிடம் பச்சை, பச்சை என்றே பொறுமையம்மாள் சொல்லிவந்த விளக்கு, பக்கத்திலிருந்து பார்க்கையில் பாதி நீலமாக இருந்தது. பின்னறையிலிருந்து நாத்தனார், "இங்க மஞ்சள் போயிடுச்சும்மா" என்று அறிவித்தார்.

சோதனையில் இணைப்பு தேறியது. திங்கள் காலையிலிருந்து பணியைத் தொடங்கலாம் என்று மேலாளர் செய்தி அனுப்பினார். அதன்பின் ரேடியோ அழைத்தார். தீராத புகார்களுக்கு மறுபடி அழைத்து விசாரிப்பது அவர்களுடைய விதி. இணைப்பு எப்படிச் சரியாயிற்று, பதிவு செய்யவேண்டும் என்று பணிவாகக் கேட்டார்.

"மோடத்தை அணைச்சுட்டுப் போட்டேன்" என்றார் பொறுமையம்மாள்.

ரேடியோ முதலில் 'மியூட்' பொத்தானை அழுத்தினார். "ரொம்ப நல்லது மேடம்" என்று பிறகு பதில் வந்தது. இரண்டு நாள் அந்த அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லையாம்.

திங்கள் காலை, ஊருக்குப் புறப்பட்ட நாத்தனார் கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுப் போகவா என்று கேட்டார். அறை கோணலாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓர் ஆள் போய்வரும் சந்து இருக்கட்டும் என்று தம்பி சொல்லிவிட்டார். அக்காள் போனபின், பொறுமையம்மாள் தனியாக அவரை நாற்காலிக்கு மாற்றினார். முந்திய நாளைவிட மெதுவாகக் கணவர் அமர்ந்தார்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது. பரவாயில்ல. கேட்டுட்டுப் பண்ணு, அது போதும்."

அதுமுதல் அவர் கேட்டுவிட்டே செய்கிறார். இன்று வேண்டாம் என்று கணவர் சொல்லும் நாட்களும் உண்டு. அன்று கட்டிலிலேயே தலையணையை உயர்த்திவைத்துவிட்டு, பொறுமையம்மாள் பின்னறைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறார்.