மணி அடித்தும் வராத முனுசாமி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அசனம். தெரியாதவர்களுக்கு — அசனம் என்றால் பொதுச் சாப்பாடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் தாம்பரத்துக்குக் கூடவே கொண்டுவந்த வழக்கம். பத்திரிகை அடிப்பதில்லை, யாரையும் போய் அழைப்பதில்லை. கோயில் மணி — சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம் — அடித்தால் எவரும் வரலாம், வயிறாரச் சாப்பிடலாம்.

இந்த வருஷம் காய்கறி என் பொறுப்பு. அந்தக் கவலையோடு முடிச்சூர் பக்கம் ஸ்கூட்டரில் போகிறேன்... ஒரு கத்திரித் தோட்டம். செடி தாங்காத காய். வரப்பில் ஒருவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். எங்கே விடப்போகிறார்? தோட்டத்துக்குள்ளேயே!

"ஐயையோ, என்னண்ணா பண்றீங்க?"

"பின்ன இன்னா சார் பண்றது? எல்லார் தோட்டத்துலயும் ஒரே நேரத்துல காய்ச்சிகினு கீது. கொத்தவால் சாவடிக்கு ஏத்தினா வண்டி வாடகைக்கே கட்டாது. பல்லாவரம் சந்தையில ஒருத்தன் திரும்பிப் பாக்கல. மாடாவது துன்னட்டும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயர் முனுசாமி. தண்ணீர் பாய்ச்சி, பூச்சி பார்த்து வளர்த்ததை மாட்டுக்கு விடுவதென்றால் மனசு என்ன பாடுபடும்?

அசனத்தைப் பற்றிச் சொன்னேன். அவிழ்த்த மாட்டை இழுத்து மறுபடியும் கட்டினார்.

"ஜனங்க துன்றதுக்குன்னா பறிச்சிக்கோ சார். துட்டெல்லாம் வாணாம்."

சனிக்கிழமை சபை ஆட்கள் திரண்டு போய்ப் பறித்தோம். அவரும் எங்களோடு குனிந்து பறித்தார். வண்டி நிறைந்தது. காய்க்கென்று ஒதுக்கிய பணம் அப்படியே அரிசியானது. கல்குவாரியில் வேலை நின்றுபோய், அரை வயிற்றோடு கிடந்த குடும்பங்களுக்கும் சேர்த்தே உலை வைத்தோம்.

ஞாயிறு. மணி அடித்தது. கூட்டமான கூட்டம். கையில் கரண்டியோடு என் மனைவி கிரேஸ் வந்தாள்.

"என்னங்க, முனுசாமி அண்ணனைக் காணோமே... கூப்பிட்டீங்களா?"

"அசனத்துக்கு யாரு கூப்பிடுவா? மணி அடிச்சா வரவேண்டியதுதான்."

"அது நமக்கு. அவருக்கு என்ன தெரியும்? கூப்பிடாத வீட்டு விசேஷத்துக்கு நீங்க போவீங்களா?"

சுருக்கென்றது. ஸ்கூட்டரை உதைத்தேன்.

முனுசாமி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சலவை வேட்டி, சட்டை. நெற்றி நிறைய விபூதி. படியப் படிய வாரிய தலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் மனைவிதான் பேசினார்.

"காலையிலேர்ந்து இப்டியே குந்திகினு கீறாரு சார். போய்ட்டு வாய்யான்னா, கூப்டாம எப்டி போறதுன்றாரு. பச்சத்தண்ணி பல்லுல படல."

அவருடைய தோட்டத்தையே வண்டியில் ஏற்றி வந்திருக்கிறோம். 'வாங்க' என்று ஒரு வார்த்தை? எங்கள் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சோறு போடத் தாராளமாக நீளும் கை... கூப்பிடுகிற வாய்க்குத்தான் பஞ்சம்.

"அண்ணா, சாப்பிட வாங்க. அக்கா, நீங்களும் வரணும்."

ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர். நல்லவேளை, போலீஸ்காரர்கள் அன்று சர்ச்சுத் தெருப் பக்கம் இல்லை.

இலை போட்டு உட்கார வைத்தோம். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. இலையில் விழுந்த காயை விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். பக்கத்து இலையில் ஒரு குவாரித் தொழிலாளி. "இன்னும் ரெண்டு காய் கெடைக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பரிமாறுகிறவர் காதில் விழவில்லை. முனுசாமி காதில் விழுந்துவிட்டது.

"யோவ் சார், இங்க வா! இவருக்குக் காயைப் போடு. இன்னா கிள்ளிப் போடுற? வாரிப் போடுய்யா! நீ வெக்கப்படாம துன்னு நைனா... நம்ம தோட்டத்துதான்!"

வாளியோடு ஓடிவந்தவர் எங்கள் சபைப் பொருளாளர்; சனிக்கிழமை காய் பறிக்க வராதவர். போட்டுவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"யாருங்க இவரு? நம்ம கோயில்லயே நம்மள விருந்தாளி ஆக்கிட்டாரே!"