வெள்ளைத் துணி கட்டாத மரம்

போன சனிக்கிழமை என் மகள் என்னை ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடை என்றதும் அஜ்மான் சந்தில் இரண்டு பெஞ்சு போட்ட கடையை நினைத்துவிடாதீர்கள். இது பாலைவனத்தின் ஓரத்தில், கண்ணாடிச் சுவருக்குள் மனிதர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் கடை. காப்பி பிடியில்லாத கிண்ணத்தில் வந்தது. கை சுட்டால்தான் இயற்கையோடு நெருக்கம் வரும் போலிருக்கிறது. மேசையின் ஓரத்தில் ஒரு பித்தளைத் தகடு. ‘பாலைவனத்தை ஆக்கிரமித்த அந்நிய மரத்திலிருந்து மீட்கப்பட்ட பலகை. நம் நிலத்தை நேசிப்போம்’ என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. நிலத்தை நேசிக்கிறவர்கள் ஏசியைப் பதினெட்டில் வைத்திருந்தார்கள்.

சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்திருப்பேன். ஆனால் கிண்ணத்தைத் தூக்கியபோது அதன் அடியில், மேசைப் பலகையில், ஒரு கறை தெரிந்தது. கட்டைவிரல் அகலம், கருநீலம், நடுவில் சின்னக் குழி. குழியில் ஏதோ பசையை ஊற்றி, கண்ணாடி மாதிரித் தேய்த்து, அதையும் அழகு என்று விட்டு வைத்திருக்கிறான் தச்சன். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்கு. அது மேசையில் மோதிக் காப்பி சிந்தியது. குனிந்து மேசையை மோந்து பார்த்தேன்.

“வாப்பா, எல்லாரும் பாக்குறாங்க. டேபிளை ஏன் ஸ்மெல் பண்றீங்க?”

பாலிஷ் வாசனை தவிர வேறொன்றும் இல்லை. மரத்தின் வாசனையைத் தீர்த்துக் கட்டுவதில் இந்த மாதிரிக் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். எங்கள் மில்லுக்குள் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வந்திருந்தால்கூட, எது ஓடுகிறது என்று மூக்கே சொல்லியிருக்கும்.

அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் ஒரு கராஜுக்கும் தண்ணீர் டேங்கர்கள் நிற்கும் ஒரு பொட்டலுக்கும் நடுவில் இருந்தது எங்கள் மர அறுப்பு மில். தகரக் கூரை, நாடாமாதிரி நீண்ட பிளேடு ஓடும் ஒரு பழைய பேண்ட்சா மெஷின், நானும் காக்காவும். காக்கா என் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் மெஷினில் நிற்பார். உட்கார்ந்துகொண்டு செய்யக்கூடிய வேலைகள் எல்லாம் என்னுடையவை. நான் வேதியியல் பட்டதாரி. அந்தப் பட்டம் மில்லில் எனக்கு வாங்கித் தந்தது ஒரு சுழல் நாற்காலி மட்டும்தான்.

சரக்கு அடுக்குகிற மரப் பேலட்டுகள் உடைந்து வந்தால் அவற்றை அறுத்துப் பெட்டி செய்துகொண்டிருந்த காலத்தில்தான் தொப்பிக்காரர் வந்து சேர்ந்தார். ஏதோ ஒரு பசுமை கம்பெனியின் மேனேஜர், சென்னைக்காரர். காட்டு விலங்குகளைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் போடும் அகலத் தொப்பி. அதை ஆபீசுக்குள்ளும் கழற்றமாட்டார்.

“சார், மெஸ்கீட்னு ஒரு இன்வேசிவ் ட்ரீ. உங்களுக்கு அதைப் பத்தி ஐடியா இருக்கா?” என்று கேட்டுப் போனில் ஒரு போட்டோவை நீட்டினார்.

காக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து கராஜில் சுத்தியல் நின்றது.

“டேய் தம்பி, நம்ம சீமைக்கருவேலம்டா! ஐடியாவா கேக்குறாரு? சார், நாங்க ராமநாதபுரம். இந்த முள்ளு குத்தாத காலு எங்க மாவட்டத்துலயே கிடையாது.”

“ஓ, சூப்பர். அப்போ நீங்க லோக்கல் எக்ஸ்பெர்ட்ஸ்,” என்றார் தொப்பிக்காரர். நாங்களும் வெட்கமில்லாமல் ஆமாம் என்றோம்.

இங்கேயும் எப்போதோ யாரோ நல்லது செய்வதாக நினைத்து அந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அது ஊரில் செய்ததையே இங்கேயும் செய்தது. தண்ணீரைக் குடித்தது, மணலைப் பிடித்து வைத்திருந்த சொந்தப் புல்லை விரட்டியது, காஃப் மரங்களை நெருக்கியது. காஃப் என்பது நம் வன்னிக்குத்தான் இந்த ஊர்ப் பெயர். கருவேலத்தை அகற்றி, புல்லும் காஃபும் திரும்ப வருகிற மாதிரி நிலத்தை மீட்பதுதான் கம்பெனியின் வேலை. வெட்டிய கட்டைகள் எங்களிடம் வரும். நாங்கள் அறுத்து, காஃப் கன்றுகளுக்கு ஊன்றுகுச்சியும், நிலத்தைச் சுற்றிக் கட்ட வேலிக்கால்களும் தருவோம். கன்றுகளின் அடியில் ஈரம் காக்க மரத்தூளும் திரும்பிப் போகும். அந்நியன் உடம்பிலிருந்தே சொந்தக்காரனுக்கு ஊன்றுகோல். யோசனை நல்ல யோசனை என்பதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். முதல் குளிர்கால மழைக்குப் பிறகு அங்கே போய், முழங்கால் உயரப் புல் காற்றில் சாய்வதைப் பார்த்துக் காக்கா, “நாம கருவேலத்தை வெட்டி ஒரு எடம் உருப்பட்டிருக்குடா” என்றார். தொப்பிக்காரர் அதைச் செல்ஃபி எடுத்தார்.

அந்த நிலம் மில்லிலிருந்து ஒரு மணி நேரம். எந்த மரம் நிற்க வேண்டும் என்று அடையாளம் வைப்பது உள்ளூர் நிபுணரான என் பொறுப்பு. விதி எளிமையானது. காஃபுக்கு வெள்ளைத் துணி கட்ட வேண்டும். துணி இல்லாததெல்லாம் வெட்டப்படும். வெட்டுகிற கூட்டம் வேறு தேசத்துப் பையன்கள். அவர்களுக்கு இரண்டு மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. துணி தெரிந்தால் போதும்.

மகள் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி விடுமுறை. வீட்டில் தனியாக விட எனக்குப் பயம். பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவைப்பட்டதே இல்லை. லிப்ட், பால்கனி, பள்ளி பஸ் எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். துணிகளைக் கிழித்துக் கொடுத்தது அவள்தான். மதியம் ஒரு பெரிய காஃபின் நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். நாங்கள் இருவரும் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். சுற்றிலும் கருவேலம் புதராக மண்டி, அதன் இடுப்புவரை ஏறியிருந்தது. யாரோ எந்தக் காலத்திலோ ஒட்டகம் கட்ட அடித்த இரும்புக் கொக்கியை மரம் விழுங்கியிருந்தது. விரல் நீளம் மட்டும் வெளியே. அதில் மகள் தன் தண்ணீர் பாட்டிலை மாட்டினாள்.

கிளம்பும்போது கேட்டாள். “வாப்பா, இதுக்குத் துணி கட்டலையா?”

வெயில். கார் கொஞ்சம் தள்ளி நின்றது. கட்ட வேண்டுமென்றால் முள்புதருக்குள் சுற்றிவர வேண்டும்.

“இதுக்கு எதுக்கும்மா? குருடன்கூட இதை வெட்டமாட்டான்,” என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் எத்தனை பெருமையோடு சொன்னேன் என்பது இப்போதும் காதில் கேட்கிறது. குச்சிமாதிரிக் கன்றுகளுக்கெல்லாம் துணி கட்டியிருந்தேன். ஊருக்கே தலைவன்போல நின்றதற்குக் கட்டவில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி இது. கருவேலம் எங்களுக்குப் பாடம் என்பதால், அது உலகத்துக்கே பாடம் என்று நினைத்துவிடுவோம்.

இரண்டு வாரம் கழித்து லோடு வந்தது. நான் சுழல் நாற்காலியில். காக்கா மெஷினில். ஒரு பருத்த அடிமரத்தை ஏற்றும்போது அவர் கத்தினார்.

“தம்பி, இது நம்ம சாமான் மாதிரி இல்லடா. வந்து பாரு.”

“எல்லாம் அதுதான் காக்கா. தள்ளுங்க,” என்றேன். எழுந்திருக்கவில்லை.

அறுக்கும் சத்தம் பாதியில் மாறியது. ஒரு கிறீச். பிறகு சாட்டையை வீசினாற்போல ஒன்று. ஓடிக்கொண்டிருந்த பிளேடு அறுந்து, காக்காவின் காதுக்கும் தூணுக்கும் இடையிலிருந்த இடைவெளி வழியாகப் போய் எதிர்த் தகரத்தில் செருகி நின்றது. அந்த இடைவெளியைப் பிறகு நான் கையால் அளந்து பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை.

காக்கா தண்ணீர் குடித்துவிட்டுக் கட்டையைப் புரட்டினார். மகள் பாட்டில் மாட்டிய அதே கொக்கி; வெளியே நீண்டிருந்த விரல் நீளம் வழியில் எங்கோ மடங்கிப் பட்டையோடு அமுங்கியிருந்தது. மீதி உள்ளே. அதைச் சுற்றி மரம் மையாகக் கறுத்திருந்தது. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் வருஷக்கணக்கில் கூடியிருந்தால் மை உண்டாகும். என் பட்டப்படிப்பு எனக்கு விளக்கிச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

தொப்பிக்காரரைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், போனை எடுத்தார், போட்டோ எடுக்காமல் உள்ளே வைத்தார்.

“சார், துணி இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்போ லிஸ்ட்படி இது மெஸ்கீட். அறுத்துடுங்க. ரிப்போர்ட் போயாச்சு.”

“இது காஃப், சார். வயசான மரம்.”

“நீங்கதான எக்ஸ்பெர்ட்? உங்க மார்க்கிங்தான?” என்று தோளில் தட்டினார். “நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. கலாஸ், முடிஞ்சுது.”

அந்த மனிதரைப்போல நான் யாரையும் இகழ்ந்தது கிடையாது. அவர் தொப்பியை, அவர் தோள்தட்டலை, மரத்தை நேசிக்கிறேன் என்று மாநாடுகளில் அவர் உருகுவதை. ஆனால் உங்களிடம் மறைப்பானேன். அவர் என்னைக் காப்பாற்றினார் என்பதுதான் அந்த இகழ்ச்சிக்கு அடி. வாயைத் திறந்தால் வேலை போகும், மில் போகும், விசா போகும், மகளின் படிப்பு நடுவில் நிற்கும் என்று மனத்துக்குள் வரிசை போட்டுக்கொண்டே புது பிளேடை நானே எடுத்துக் கொடுத்தேன். பலகைகளைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போனது.

அதன் பிறகும் மகள் கேட்பாள், நான் நிலத்துக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு நாளும்.

“வாப்பா, அந்த மரம் இருக்கா?”

“இருக்கும்மா. எங்க போகப் போகுது?”

நான் துணி கட்டாமல் விட்ட கதை காக்காவுக்குத் தெரியாது. அவர் கொக்கியைத் தோண்டி எடுத்து, தட்டி நிமிர்த்தி மில்லின் தூணில் அறைந்துவிட்டார். “என் உசுர வாங்க வந்த சாமான். கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்.” ஒரு விடுமுறை நாளில் மகள் மில்லுக்கு வந்தாள். பெரியவாப்பாவிடம் அரட்டை அடித்தாள், மரத்தூளில் காலை அளைந்தாள். போகும்போது பார்த்தேன், அவள் தண்ணீர் பாட்டில் அந்தக் கொக்கியில் தொங்கியது. பிள்ளைகள் எதிலாவது மாட்டத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன். நிம்மதி! என்ன கேவலமான சொல்.

சனிக்கிழமை அவள் கைக்குட்டைக் காகிதத்தால் சிந்திய காப்பியைத் துடைத்தாள். கறையருகே வந்ததும் கை நின்றது. விரலால் அந்தக் குழியைத் தொட்டாள். பிறகு தகட்டைப் படித்தாள், ஒருமுறை, இன்னொரு முறை.

“அந்நிய மரமாம்,” என்றாள். அவள் உதடு சுழித்த விதம் என்னுடையது. அந்த ஏளனம் எங்கிருந்து வந்தது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“எப்பவோ தெரியும், வாப்பா. அந்த ஹுக்கைப் பாத்த அன்னைக்கே. நீங்களா சொல்லுவீங்கன்னு வெயிட் பண்ணேன். ஒரு மாசம் பண்ணேன். அப்புறம் விட்டுட்டேன்.”

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், வெயில், முள்புதர், நாற்காலி, ‘தள்ளுங்க’ என்றது வரை. அவள் கேட்டுவிட்டு, ஆறிப்போன என் காப்பியைத் தன் பக்கம் நகர்த்திக் குடித்தாள்.

மில் இப்போது இல்லை. கட்டைகளை நிலத்திலேயே தூளாக்குகிற ஒரு பெரிய மெஷின் வந்ததும் எங்களுக்கு வேலை நின்றது. அந்தத் தகரக் கூரைக்கடியில் இன்று டயர் விற்கிறார்கள். காக்கா வேறொரு வளைகுடா நாட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். நிலத்தில் புல் இருக்கிறது. அன்று கடையிலிருந்து திரும்பும் வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்தோம். நாங்கள் ஊன்றுகுச்சி கொடுத்த கன்றுகள் என் தோளுக்கு மேல் வளர்ந்திருக்கின்றன. நடுவில் ஓர் இடம் மட்டும் வெட்டவெளி. மகள் அங்கே போய் நின்றாள், நிழலே இல்லாமல். நான் வண்டியருகிலேயே நின்றேன். திரும்பி வந்தவள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள், போனை எடுத்துக்கொண்டாள். வீடு வரும் வரை, அந்த ஒரு மணி நேரமும், அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.