எண்பூட்டும் என் கணக்கும்

கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வரும் புது அறிவியல் டீச்சர், ஆய்வகக் கதவில் எண்பூட்டு மாட்டி, புதிர்களுக்கு விடை கண்டுபிடித்தால்தான் திறக்கும் என்று ஒரு விளையாட்டு வைத்தாள். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி அங்கே விகிதக் கணக்கைப் போட்டுவிட்டு, "மிஸ், நம்பர் கெடச்சிடுச்சு!" என்று கத்தினாள். எனக்கு வயிறு எரிந்தது.

"அக்கா, அடுத்த புதிர நீங்க போட்டுத் தாங்களேன்" என்று புது டீச்சர் கேட்டாள். யாராலும் முடியாத கணக்காகப் பார்த்துக் கொடுத்தேன். அவளே திணறினாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அந்த மாணவி தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்து, பூட்டைத் திறந்துவிட்டாள். "கணக்கு மிஸ் எந்தக் கணக்கையும் இப்டித்தான் சுத்தி வளச்சிக்கினு போவாங்க. எனக்குத் தெரியும்" என்றாள்.

சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் புது டீச்சரைக் கட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.